பாதிப் பாட்டைக் கொண்டு வந்தவர்கள்

புளியடிவிளையில் அறிவுக்குப் பஞ்சம் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். அங்கே அறிவு நிறையவே உண்டு. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் வைத்த இடத்தில் அப்படியே இருக்கிறது.

அந்த ஊர் மாதா கோயிலில் முப்பது வருஷமாகப் பாட்டுக் குழுத் தலைவர் இன்னாசி. அவருக்குப் பின்னால் நின்று பாடுகிறவர்கள் தொம்மை, சந்தியாகு, லாசர். இந்த நால்வரையும் இறக்கிவிட்டு, பக்கத்து ஊர் கீபோர்டு கோஷ்டியை ஏற்றப்போவதாக ஊரில் பேச்சு அடிபட்டது. இன்னாசிக்கு இரண்டு வாரமாகச் சோறு இறங்கவில்லை. பாட்டை விட்டால் அவருக்கு வேறு என்ன இருக்கிறது, பாவம்!

கோயில் பாதிரியாரான பங்குச்சாமி இளகிய மனசுக்காரர். இன்னாசியைக் கூப்பிட்டார்.

“நாலு பேரும் ரோமாபுரி யாத்திரைக்குப் போறீங்கல்லா? அந்தப் பக்கம் மலை மேல தொள்ளாயிரம் வருஷத்து மடம் ஒண்ணு இருக்கு. அங்க தினம் சாயந்தரம் லத்தீன்ல மாதா பாட்டுப் பாடுவாங்க. அதைக் கேட்டபடியே கொண்டாந்து திருவிழாப் பூசையில பாடிடுங்க. அப்புறம் உங்களை யாரு அசைக்கிறான்னு பாக்கேன். ஆனா ஒண்ணு, கேட்டதுக்கு மேல ஒரு வரி கூடவும் கூடாது, குறையவும் கூடாது.”

“உசிரே போனாலும் கூடாது சாமி” என்றார் இன்னாசி.

மடத்தில் விருந்தாளிகளைக் கவனிக்கும் துறவி நாகர்கோவில் பக்கத்துக்காரர். தமிழ் முகங்களைக் கண்டதும் மனிதருக்கு வாயெல்லாம் பல். கோயிலுக்குள் துறவிகள் எதிரும் புதிருமாக இரண்டு வரிசையில் நின்றார்கள். இந்த வரிசை ஒரு வரி பாடும். அந்த வரிசை அடுத்த வரியைப் பாடும். அதுதான் அங்கே வழக்கம்.

“நீங்க இந்த வரிசைக்குப் பின்னால நில்லுங்க. இவங்க என்ன செய்யுதாங்களோ அதையே செய்யுங்க. அந்த வரிசை பாடுறது உங்களுக்கில்ல” என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

முன்னால் நின்றவர்கள் குனிந்தார்கள், நால்வரும் குனிந்தார்கள். கிழத் துறவி ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் காணாமல் அங்கியைத் தடவினார். கண்ணாடியே போடாத நால்வரும் சட்டையைத் தடவினார்கள். பாட்டு முடிந்து முன்னால் நின்ற வரிசை வெளியேறியபோது இவர்களும் பின்னாலேயே போய், மடத்துச் சமையலறையில் ஒன்றரை மணி நேரம் உருளைக்கிழங்கு தோல் சீவினார்கள்.

“லத்தீன் பாட்டு கஷ்டமா இருக்கும்னு நெனச்சேன். கிழங்குதான் கஷ்டம்” என்றான் தொம்மை.

அப்போதுதான் சந்தியாகு ஒரு விவகாரத்தைக் கிளப்பினான். “அந்த வரிசைப் பாட்டு நமக்கில்லன்னு சொன்னாங்க. ஆனா அதுவும் நம்ம காதுல விழுந்துட்டே! அடுத்தவன் சொத்துல்லா அது?”

இன்னாசிக்குப் பகீரென்றது. மறுநாள் முதல் காதில் பஞ்சு வைப்பதென்று முடிவாயிற்று.

“சரி, நம்ம வரிசை பாடும்போது பஞ்சை எடுக்கணுமே, அது எப்படித் தெரியும்?” என்றான் தொம்மை.

நெடுநேரம் யோசித்தார்கள். கடைசியில் லாசர் மட்டும் பஞ்சில்லாமல் கேட்டு, சமயம் வந்ததும் மற்றவர்களை விலாவில் இடிப்பது, கேட்ட அந்நிய வரியை அந்தக் கணமே மறந்துவிடுவது என்று தீர்ந்தது.

“மறந்துட்டியாலே?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்டார் இன்னாசி.

“எதை?”

“பய மறந்துட்டான்” என்று நிம்மதியானார்.

இப்படி நான்கு நாளில் தங்கள் வரிசையின் வரிகளை மட்டும் மனப்பாடம் செய்தார்கள். வாயைத் திறந்தால் பாட்டு சிந்திவிடுமே என்று விமானத்தில் தண்ணீர்கூட வாங்கவில்லை. வந்து இறங்கியபோது நால்வரின் உதடும் வெடித்திருந்தது. பாட்டு பத்திரமாக இருந்தது.

திருவிழாப் பூசைக்கு ஊரே திரண்டிருந்தது. கீபோர்டு கோஷ்டியும் எதற்கும் இருக்கட்டும் என்று கீழே வந்து உட்கார்ந்திருந்தது. இன்னாசி மேடையேறிச் செருமினார். முதல் வரி கணீரென்று எழும்பியது. சும்மா சொல்லக்கூடாது, பங்குச்சாமிக்கே கண் கலங்கிவிட்டது.

பிறகு நால்வரும் எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நின்றார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள்.

பூசைக்கு எடுபிடி வேலை பார்க்கும் கோயில்பிள்ளை மேடைக்கு ஓடி வந்தார். “என்னவே, பாடும்!”

“எங்க வரி முடிஞ்சிட்டு. அந்த வரிசை பாடணும்.”

“எந்த வரிசைவே?”

“மடத்துல இருக்கே, அது.”

“அது இத்தாலியிலல்லா இருக்கு!”

“அதான் தாமசமாவுது” என்றான் சந்தியாகு.

கீழே கீபோர்டின் உறையை உருவும் சத்தம் கேட்டது. இன்னாசி எதிர்ச்சுவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. முப்பது வருஷம் இன்றோடு போயிற்று. அடுத்த வரி நெஞ்சில் முட்டிக்கொண்டுதான் நின்றது. ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே, பதில் வராமல் எப்படிப் பாடுவது? ‘மாதாவே, அவங்களை எழுப்பிவிடு தாயே’ என்று மனசுக்குள் கதறினார்.

அந்த நேரம் பார்த்து, வாசலில் மீன்கார சவேரி வண்டியை நிறுத்தி ஹாரனைப் பிழிந்தார். “பாஆம்... பாம்!”

“வந்துட்டு!” என்றார் இன்னாசி. நால்வரும் வாசலைப் பார்த்துக் குனிந்து வணங்கி, இரண்டாவது வரியை எடுத்துவிட்டார்கள்.

உள்ளே இருந்து யாரோ கூப்பிடுகிறார்கள் என்று எண்ணிய சவேரி மறுபடியும் அடித்தார். இவர்கள் மூன்றாவது வரியைப் பாடினார்கள். நான்காவது வரிக்கு முன் கொஞ்சம் தாமதம். சவேரி அரைக்கிலோ சாளை மீன் நிறுத்துக்கொண்டிருந்தார். மற்றபடி பாட்டு கடைசிவரை பிசகவில்லை. ஊர் சொக்கிப்போயிற்று. கீபோர்டு உறைக்குள் போயிற்று.

பூசை முடிந்ததும் பங்குச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டு வந்தார். “இன்னாசி, ஊரே நீங்கதான் வேணும்ங்குது. இருந்துட்டுப் போங்க. ஆனா அடுத்த வருஷம் அந்த வரிசையும் லத்தீன்லதான் இருக்கணும். சொல்லிட்டேன்!”

சாமி சொன்னால் மறுபேச்சு உண்டா? மறுநாள் விடிந்ததும் நால்வரும் கடற்கரையில் மீன் ஏலம் விடும் இடத்தில் நின்றார்கள். வண்டி வண்டியாகப் போய் ஹாரனை அமுக்கிப் பார்த்தார்கள். ஒன்றும் தேறவில்லை. கடைசியில் இன்னாசி ஏலக்காரரிடமே போனார்.

“அண்ணாச்சி, லத்தீன் உண்டுமா?”

ஏலக்காரர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “இன்னைக்கு வரத்து இல்ல. நெத்திலிதான் வந்திருக்கு.”

“நாளைக்கு வருமா?”

“காத்தைப் பொறுத்து.”

இன்னாசி மற்ற மூவரையும் திரும்பிப் பார்த்தார். நால்வரும் காற்று வரும் திசையைப் பார்த்தபடி ஐஸ் பெட்டி மேல் வரிசையாக உட்கார்ந்தார்கள்.