ராஜாவுக்கு இடமில்லாத அரண்மனை

முன்னொரு காலத்தில், வாங்கிய பொருளை எங்கே வைத்தோம் என்று தேடியே பாதி நாளைக் கழித்த ராஜா ஒருவர் இருந்தார். மகுடசேகரர் என்று பெயர். நல்ல மனிதர்தான், ஆனால் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் இருந்தது. ராஜாவின் கை பட்ட பொருளை அரண்மனை வாங்கிவிட வேண்டும். வாங்கியதை யாருக்கும் கொடுக்கக் கூடாது, அதில் ஒரு கீறல்கூட விழாமல் காக்க வேண்டும். வியாபாரிகளுக்குக் கேட்கவா வேண்டும்? "சும்மா தொட்டுப் பாருங்கள், மகாராஜா" என்பார்கள். ராஜாவும் தொட்டுவிடுவார். பண்டகசாலை அதிகாரி அம்பலவாணர் பொருளை உள்ளே எடுத்து வைப்பார். வியாபாரி அவருக்கென்று தனியாக ஏதாவது எடுத்து வைப்பார்.

இப்படியே முந்நூறு குத்துவிளக்கு, நாற்பது பல்லக்கு, ஆயிரத்துச் சொச்சம் தாம்பாளம், கணக்கில்லாத குவளைகள் என்று சேர்ந்துவிட்டன. மூன்று காலும் ஒரு கைப்பிடியும் வைத்த பித்தளைச் சாமான் ஒன்று இருந்தது. அது எதற்கு என்று வாங்கியவருக்கும் தெரியாது, விற்றவருக்கும் தெரியாது. அதிலும் பன்னிரண்டு இருந்தன.

ஒருநாள் பண்டகசாலைக் கதவை மூட முடியவில்லை. அம்பலவாணர் சபையில் எழுந்தார்.

"அரசே, புதிய பண்டகசாலை கட்டியாக வேண்டும். மேற்கு மதிலை ஒட்டிய பூக்காரத் தெருவை இடித்தால் இடம் கிடைக்கும். இருபது வீடுகள்தான்."

ராஜா தலையாட்டப் போன நேரத்தில் அரசவை விதூஷகன் கோமாண்டி குறுக்கே எழுந்தான். அதிகாரியின் ஆட்கள் முதல் நாளே தெருவில் கயிறு பிடித்து அளந்துவிட்டுப் போயிருந்தார்கள். பூக்காரி வடிவாச்சி அன்று காலையில் கோமாண்டியிடம் வந்து அழுதிருந்தாள். "எங்க தெருவையே இடிக்கப் போறாங்களாமே சாமி. புள்ளகுட்டியோட நாங்க எங்க போவோம்?" என்று அவள் கேட்டதிலிருந்து அவனுக்கு மனசே சரியில்லை.

"இடிக்காமலே இடம் கண்டுபிடிக்கலாம், அரசே" என்றான்.

அம்பலவாணருக்கு அவன் மேல் வெகுநாள் பொறாமை. இதை விடுவாரா? "அப்படியானால் கோமாண்டியே கண்டுபிடிக்கட்டும். புதிதாக ஒரு சுவரும் எழுப்பக் கூடாது. ஒரு பொருளும் அரண்மனையை விட்டு வெளியே போகக் கூடாது. முடியாவிட்டால் அந்தத் தெருவும் போகும், இவனும் நாட்டை விட்டுப் போக வேண்டும்."

"சரியாகத்தான் படுகிறது" என்றார் ராஜா. "நான் வேட்டைக்குப் போகிறேன். பத்து நாளில் திரும்பி வருவதற்குள் என் பொருள்களுக்கெல்லாம் இடம் செய்து வை."

பத்தாம் நாள் நடுப்பகலில் ராஜா தொண்டை வறண்டுபோய்த் திரும்பி வந்தார். படுக்கையறைக் கதவைத் திறந்தார். உள்ளே முந்நூறு குத்துவிளக்குகள் நின்றன, கட்டிலைக் காணவில்லை. உணவு மண்டபத்துக்குப் போனார். பல்லக்குகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. சபா மண்டபத்தில் கால் வைக்க இடமில்லாமல் தாம்பாளங்கள். சிங்காதனத்தின் மேல் அந்த மூன்றுகால் சாமான் ஏறியிருந்தது. வழி தவறி வேறு யார் அரண்மனைக்காவது வந்துவிட்டோமா என்று ராஜாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வாசலுக்குப் போய்க் கோபுரத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். சொந்த அரண்மனைதான்.

"கோமாண்டி, இதெல்லாம் என்ன? நான் எங்கே உட்காருவது?"

"தெரியவில்லை, அரசே. பொருள்களுக்குத்தான் இடம் செய்யச் சொன்னீர்கள். தங்களுக்கும் சேர்த்துச் சொல்லவில்லையே. சுவர் எழுப்பக் கூடாது, பொருள் வெளியே போகக் கூடாது என்றார் அதிகாரி. வெளியே போகக்கூடியவர் தாங்கள் ஒருவர்தான்."

கோபித்துக்கொள்வதா வேண்டாமா என்று ராஜா குழம்பினார். அதற்குள் தாகம் முந்திக்கொண்டது. தண்ணீர்ப் பானை இருந்த மூலைக்கு வழியே இல்லை.

"முதலில் குடிக்கத் தண்ணீர் வேண்டும்."

"பக்கத்தில் இருப்பது பூக்காரத் தெருதான், அரசே."

பூ விற்கப் போகிற நேரம் அது. ராஜா முதல் வீட்டுக் கதவைத் தட்டினார், ஆளில்லை. அடுத்த வீட்டிலும் இல்லை. ஒவ்வொரு கதவாகத் தட்டிக்கொண்டே போனார். கோமாண்டி கதவுகளை எண்ணிக்கொண்டே பின்னால் போனான். கடைசியாக இருபதாவது வீட்டுக் கதவை வடிவாச்சி திறந்தாள். ஒரு மண்குவளையில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

"வேறு குவளை இல்லையா, அம்மா?"

"இல்லீங்க மகாராஜா. ஒருத்தர் குடிச்சதும் கழுவி அடுத்தவங்களுக்குக் குடுப்போமுங்க."

ராஜா மூன்று முறை வாங்கிக் குடித்தார். பிறகு குவளையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னிடம் எத்தனை குவளைகள் இருக்கின்றன, கோமாண்டி? ஒன்றுகூட என் வாய்க்கு எட்டவில்லையே" என்றார் பாவமாக.

அப்போது அம்பலவாணர் மூச்சிரைக்க ஓடிவந்தார். "நல்லதாகப் போயிற்று, அரசே. இருபது கதவிலும் தங்கள் கை பட்டுவிட்டது. வழக்கப்படி தெரு இனி அரண்மனையுடையது. யாரையும் கேட்க வேண்டாம், நாளையே இடித்துவிடலாம்."

வடிவாச்சி அப்படியே சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அரசர் கை பட்ட பொருளில் கீறல் விழலாமா, ஐயா?" என்று கோமாண்டி பணிவாகக் கேட்டான்.

"கூடவே கூடாது."

"விழுந்தால்?"

"அதைக் காக்க வேண்டிய அதிகாரிக்குச் சிறை."

"அந்த அதிகாரி யார், ஐயா?"

அம்பலவாணர் கதவில் தன் மேனி பட்டுவிடாமல் இரண்டடி விலகி நின்றார். ராஜா ஒருவர் முகத்தை மாற்றி ஒருவர் முகத்தைப் பார்த்தார். விஷயம் பிடிபடக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பிடிபட்டதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நான் கதவைத் தட்டுவேன் என்று உனக்கு எப்படித் தெரியும்?"

"தாகம் எடுத்தவர் வேறு எதைத் தட்டுவார், அரசே?"

வழக்கம் அன்றோடு ஒழிந்தது. தெரு அங்கே இருந்தவர்களுக்கே நின்றது. அரண்மனைப் பொருள்களை, எதற்கு வேண்டும் என்று சொல்லி யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று ராஜா ஆணையிட்டார். எதற்கென்று ஒருவராலும் சொல்ல முடியாதவை அம்பலவாணர் வீட்டுக்குப் போயின. ஒரே வாரத்தில் அவர் தன் வீட்டு வாசலில் படுக்க ஆரம்பித்தார்.

ராஜா கோமாண்டியைச் சபைக்கு அழைத்து ஒரு பொற்கிழியை நீட்டினார். "இதைக் கொண்டு என்ன வாங்கப் போகிறாய்?"

கோமாண்டி கிழியைப் பார்த்தான், ராஜாவைப் பார்த்தான், தலையைச் சொறிந்தான்.

"அதுதான் அரசே எனக்கும் குழப்பமாக இருக்கிறது. எதற்கென்று தெரிந்த பிறகு கிழியை வாங்கிக்கொள்கிறேன்."

ராஜா மறுபடியும் சிரித்தார். அந்தச் சிரிப்பு காலியாகிக் கிடந்த அரண்மனை முழுவதும் கேட்டது.