ஏரியைத் தைத்த செவந்தி

வெகு காலத்துக்கு முன்னால், ஏரியைத் திருடினால் என்ன தண்டனை என்று எந்த அரசரும் யோசித்திராத நாளில், ஆம்பல்நாட்டில் செவந்தி என்றொரு தையல்காரி இருந்தாள். துண்டுத் துணிகளை இணைத்துப் போர்வை தைப்பாள். அவள் தைத்ததில் ஓரம் பிரிந்ததாக ஏழு ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. அவள் கணவன் மாசிலான் ஏரியில் பரிசல் ஓட்டினான். தினமும் உச்சிப்பொழுதில் அவள் கஞ்சிக்கலயத்தோடு கரையில் வந்து நிற்பாள். அவன் பரிசலைத் திருப்புவான்.

ஒருநாள் அவள் வந்து நின்றபோது ஏரி இல்லை. வெறும் பள்ளம். நடுவில் மந்திரவாதி கும்பகூடன், இடுப்பில் ஒரு சுருக்குப்பையை முடிந்துகொண்டிருந்தான்.

"என் அரண்மனையில் தண்ணீர் இல்லை. ஏரியை மடித்து எடுத்துக்கொண்டேன்," என்றான்.

"அதுக்குள்ள என் வீட்டுக்காரர் இருக்கார்!"

"அப்படியா? மடிக்கும்போது ஏதோ உறுத்தியது."

செவந்தி அழவில்லை. "திருப்பித் தர என்ன வேணும், சொல்லு."

கும்பகூடனுக்குச் சிரிப்பு வந்தது. "தையல்காரிதானே நீ? துணியில் இந்த ஏரியைத் தை. ஏரிக் கொக்கு அதில் இறங்கி இரண்டு காலும் ஊன்றி நின்றால் பை தானாக அவிழும். மூன்று முறை கூப்பிடலாம். மூன்றிலும் தோற்றால், நீ என் பெட்டியில் நூல்கண்டு."

"நான் ஜெயிச்சா நீ நூல்கண்டு."

"சரி," என்றான். மந்திரவாதி சொன்ன சொல் அவனையும் கட்டும். அந்தத் தொழிலில் இருந்த ஒரே ஒழுங்கு அதுதான்.

முதல் முறை, நல்ல நீலப் பட்டாக வாங்கித் தைத்துப் பள்ளத்தின் ஓரம் விரித்தாள். "கொக்கே, கொக்கே, இது எந்த இடம்?"

கொக்கு மேலேயே வட்டமடித்தது. "வானம் மாதிரி இருக்கு தாயி. மீன் இருக்காது." பறந்துவிட்டது.

இரண்டாம் முறை வீடு வீடாகப் போனாள். அந்த ஏரியிலேயே துவைத்துத் துவைத்துச் செம்மண் ஏறிய வேட்டி, சேலை, துண்டு எல்லாம் கேட்டு வாங்கினாள். காற்றடித்தால் எழும் அலைகளை நெருக்கமான தையலில் போட்டாள். "கொக்கே, கொக்கே, இது எந்த இடம்?"

கொக்கு இறங்கியது. ஒரு காலை வைத்தது, உடனே எடுத்தது. "தண்ணி நம்ம தண்ணிதான். ஆனா நான் எங்கே நிப்பேன்? இது சுவர் வச்ச தொட்டி." பறந்துவிட்டது.

"தொட்டியாம்!" செவந்திக்குக் கோபம். நான்கு ஓரமும் தடவிப் பார்த்தாள். இரண்டு மடிப்பு, நூல் பிடித்தாற்போல் நேராக, இறுக்கமான தையல். யார் குறை சொல்ல முடியும்?

போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு தான் வழக்கமாக நிற்கும் இடத்துக்குப் போனாள். பழக்கத்தில் சேலையைச் சற்றுத் தூக்கிப் பிடித்தாள். பிடித்த பிறகுதான் உறைத்தது. எத்தனை தூக்கினாலும் தினம் சேறும் ஈரமுமாகத்தான் அவள் வீடு திரும்பினாள். தரை எங்கே முடிந்தது, தண்ணீர் எங்கே தொடங்கியது என்று ஒருநாளும் அவளுக்குத் தெரிந்ததில்லை. நடுவில் கோரைதான் இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து கத்தரிக்கோலை எடுத்தாள். தன் கையால் அடித்த ஓரத்தைத் தன் கையாலேயே பிரித்தாள். ஒவ்வொரு இழையாக உருவிவிட்டாள். நாலு பக்கமும் நூல் தொங்கியது, நீளமும் குட்டையுமாக.

கும்பகூடன் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தான். "ஓரம் அடிக்கத் தெரியாதவளா என்னோடு பந்தயம் கட்டினாள்!"

அவள் அவன் பக்கம் திரும்பவில்லை. "கொக்கே, கொக்கே, இது எந்த இடம்?"

கொக்கு இறங்கியது. ஒரு காலை நூல் கோரையில் வைத்தது. மறு காலைச் செம்மண் தண்ணீரில் வைத்தது. கழுத்தை உள்ளே இழுத்துக்கொண்டது.

"என் இடம்," என்றது.

சுருக்குப்பை படீரென்று அவிழ்ந்தது. செவந்தி போர்வையைச் சுருட்டிக்கொண்டு மேட்டுக்கு ஓடினாள். பள்ளம் நிரம்பி, கோரை நிமிர்ந்து, ஏரி தன் இடத்தில் வந்து படுத்தது. கும்பகூடன் நின்ற இடத்தில் கறுப்பு நூல்கண்டு ஒன்று மிதந்தது. நல்ல நூல், ஊராரின் சட்டைகளுக்குப் பொத்தான் தைக்க ஆறு மாதம் வந்தது.

மாசிலான் பரிசல் சுழலச் சுழல வந்து சேர்ந்தான், இடுப்பைத் தேய்த்துக்கொண்டே. "ஏ புள்ள, கஞ்சி எங்கே?" என்றவன் அவள் கையிலிருந்த போர்வையைப் பார்த்தான். "என்ன இது, ஓரம் அடிக்க மறந்துட்டியா?"

"மறக்கலை. நீங்க வர வழி விட்டிருக்கேன்," என்றாள் செவந்தி.

அன்றைக்குக் கஞ்சி ஆறித்தான் போயிருந்தது. ஒருவரும் குறை சொல்லவில்லை.