அன்றைக்கு எழுத வேண்டியது

ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்து வைத்திருந்த காலம். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மடம். அதை நடத்திவந்த தையல்நாயகி அம்மையாருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவருடைய சீடர் நல்லதம்பிக்கு அறுபது. ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். வெள்ளைக்காரன் காலத்திலேயே அவருக்குத் தைரியம் கொஞ்சம் குறைவுதான்.

அம்மையார் தினமும் நாட்குறிப்பு எழுதுவார். வீட்டில் எழுதிய தாள் அகப்பட்டாலே ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள். அப்படியும் அவர் நிறுத்தவில்லை. நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வியப்பாக இருக்கிறது.

ஒரு மாலை அவர் எழுத உட்கார்ந்தபோது நல்லதம்பி கேட்டேவிட்டார்.

“அதிலே அப்படி என்னம்மா இருக்கு?”

அம்மையார் நோட்டைத் திருப்பிக் காட்டினார். ‘மரவள்ளிக்கிழங்கு அவித்தோம். வந்தவர்கள் பசியோடு போகவில்லை.’ அதற்குக் கீழே, ‘மாரியாயி பிள்ளைக்குக் காய்ச்சல். மருந்து கிடைக்கவில்லை. கூட உட்கார்ந்திருந்தேன்.’

“கிழங்கு அவிச்சதுக்கா தலையைக் கொடுக்கணும்? சண்டையிலே எவன் ஜெயிக்கிறான்னு எழுதினாலும் ஒரு பலன் உண்டு.”

பதில் வருவதற்குள் யாரோ கதவை இடித்தார்கள்.

“அம்மா, சயாம் ரயில் போடறதுக்கு ஆள் பிடிக்கிறாங்க. லாரியிலேருந்து குதிச்சிட்டேன். என் பொஞ்சாதி புள்ளத்தாச்சிம்மா. கதவைத் தொறங்க!”

நல்லதம்பி ஓடிப்போய்க் கதவில் முதுகைக் கொடுத்து நின்றார்.

“வேண்டாம்மா. பின்னாலேயே வருவானுங்க. நம்ம கதை முடிஞ்சிடும்.”

அம்மையார் கோபப்படவில்லை. பேனாவை அவரிடம் நீட்டினார்.

“சரி கிராணியாரே. இன்னைக்கு நீங்க எழுதுங்க.”

“என்னன்னும்மா?”

“நடந்ததைத்தான். ஒருத்தன் கதவைத் தட்டினான், நாங்க தொறக்கலைன்னு.”

நல்லதம்பி உட்கார்ந்தார். ‘ஒருத்தன் கதவைத் தட்டினான்’ என்று எழுதினார். வாழ்நாளெல்லாம் செக்ரோலில் கூலியாட்களின் பேர் எழுதிய கை. அதற்குமேல் ஓடவில்லை. வெளியே அந்த ஆள் அழுதுகொண்டிருந்தான்.

நல்லதம்பி எழுந்துபோய்க் கதவைத் திறந்தார்.

அவனை உள்ளே இழுத்து விறகு அடுக்குக்குப் பின்னால் மறைத்தார். லாரிச் சத்தம் நெருங்கி வந்தது, மடத்தைத் தாண்டிப் போனது. நல்லதம்பி வந்து மறுபடி பேனாவை எடுத்தார்.

அம்மையார் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டார்.

“அவனைக் காட்டிக்கொடுக்கிற எழுத்து நமக்கு வேண்டாம்.”

“அப்போ எழுதினதுக்குப் பலன்?”

“விறகுக்குப் பின்னாலே உட்கார்ந்திருக்கு. குடிக்கத் தண்ணி கொண்டுபோங்க.”