எச்சரிக்கை வராத நிரல்

“டீச்சர், நான் எழுதின நிரல்ல கம்பைலர் ஒரு குறையும் சொல்லலை. ஆனா தம்பி குரல் மட்டும் வரலை.”

இருதயராஜுக்கு ஐம்பது வயது. அவருக்கு சி என்ற கணினி மொழி கற்றுத்தரும் மேகலா அவரைவிட மிக இளையவள்.

வீட்டை விட்டுப் போன அன்று தம்பி செல்வின் மேசைமேல் ஒரு பென்டிரைவை வைத்துவிட்டுப் போனான். அவன் பேசிப் பதிந்த ஒலி அதில் இருந்தது. அவனே செய்த கருவியில் பதிந்தது. எந்தப் பிளேயரும் திறக்கவில்லை. பதிவைப் படித்துக் கொடுக்கும் நிரல்துண்டு ஒன்றும் கூடவே இருந்தது. மிச்சத்தை எழுதத்தான் இருதயராஜ் படிக்க வந்தார்.

போனதிலிருந்து செல்வினிடமிருந்து போன் வரவில்லை.

“போடுங்க அண்ணே, கேப்போம்,” என்றாள் மேகலா.

மணலில் கடலை வறுப்பது போன்ற இரைச்சல்.

“தினமும் இதத்தான் கேக்கேன். நடுவுல எங்கயாவது அவன் இருப்பானோன்னு.”

மேகலா நிரலைப் பார்த்தாள். பதிவின் எண்கள் இருக்கும் இடத்தைக் காட்ட தம்பியின் நிரல்துண்டு தரும் சுட்டிக்கு முன்னால், அடைப்புக்குறிக்குள், ‘இன்ட் சுட்டி’ என்று எண்ணின் வகையை மாற்றிச் சொல்லும் வகைமாற்றம் போட்டிருந்தது.

“இதை ஏன் போட்டீங்க?”

“போடலைன்னா எச்சரிக்கை வருது. போட்டா வாயை மூடிக்கிடுது. ஃப்ளோட்டுன்னு போட்டுப் பாத்தேன், டபுள்னு போட்டுப் பாத்தேன். எந்த எண் வகையைப் போட்டாலும் சரிங்குது.”

“என்ன எச்சரிக்கை?”

“அதை யாரு வாசிச்சா?”

மேகலா விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினாள்.

“அந்த அடைப்புக்குறியை எடுங்க.”

“எடுத்தா திட்டும் டீச்சர்.”

“திட்டட்டும்.”

அடைப்புக்குறியை உள்ளே இருந்ததோடு அழித்தார். எச்சரிக்கை வந்தது.

“வாசிங்க.”

எழுத்துக் கூட்டி வாசித்தார். நீ வைத்திருப்பது இன்ட் சுட்டி; உனக்குத் தரப்படுவது ஷார்ட் சுட்டி.

“ஷார்ட்டுன்னா?”

“உங்க தம்பி ஒவ்வொரு எண்ணையும் ரெண்டு ரெண்டு பைட்டா வச்சிருக்கார். நீங்க நாலு நாலா அள்ளுறீங்க.”

“இத அவன் எங்கிட்ட சொல்லவே இல்லையே.”

எச்சரிக்கை திரையில் அப்படியே நின்றது.

இருதயராஜ் அதை இன்னொரு முறை எழுத்துக் கூட்டி வாசித்தார். பிறகு தான் எழுதிய ‘இன்ட்’டை எல்லா இடத்திலும் ‘ஷார்ட்’ ஆக்கினார். ஓட்டினார்.

மின்விசிறி சுற்றும் சத்தம். நாற்காலி இழுபடும் சத்தம்.

“அண்ணே...”

செல்வின்தான். ‘அண்ணே’யை அவன் ஒருவன்தான் அப்படி இழுப்பான்.

அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. மின்விசிறி மட்டும் சுற்றியது.

“எங்கடா போன? ஒரு போன்கூடப் பண்ண முடியாதா உனக்கு? நான் இங்க...” இருதயராஜ் திரையைப் பார்த்துக் கேட்டார்.

மேகலா கையை உயர்த்தினாள்.

பதிவு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.