கஸ்பாரும் சிவப்பு நூல் சட்டியும்

ஒரு ஊர்ல ஒரு... இல்ல இல்ல, ஊர்ல இல்ல. ஒரு கடல்ல ஒரு கப்பல். அந்தக் கப்பல்ல ஒரு சமையக்காரரு. பேரு கஸ்பார். தூத்துக்குடிக்காரரு. மீசை பெருசு, தொந்தி அதைவிடப் பெருசு. ம் சொல்லு.

ம்.

கஸ்பாருக்கு எல்லாம் இருந்துச்சு, நாக்கு மட்டும் தூங்கிப்போச்சு. அவரு பொண்டாட்டி பிலோமி செத்துப்போன அன்னிலேருந்து அப்படித்தான். மீன் கொழம்பும் ஒண்ணுதான், நனைஞ்ச காகிதமும் ஒண்ணுதான். நாக்கு தூங்கினா சமையல் என்ன ஆகும்? ஒரு நாள் உப்பே போடல. மறுநாள் ரெண்டு தடவை போட்டாரு.

கேப்டன் குரியன் தட்டைத் தள்ளினாரு. "கஸ்பாரே, இது சாம்பாரா, கடல்தண்ணியா?"

"சாம்பார்தான் சார்."

"அப்படியா? இதுல கப்பலே விடலாம் போலிருக்கே!"

அப்புறம் குரலைத் தணிச்சு சொன்னாரு. "ஞாயித்துக்கிழமை ராத்திரி சாப்பாடு வரைக்கும் பாக்கறேன். அதுவும் இப்படின்னா, அடுத்த துறைமுகத்துல உன்னை இறக்கிட்டு வேற ஆள் எடுப்பேன்."

கஸ்பார் அடுப்பையே பாத்துட்டு நின்னாரு. இறங்கி எங்க போறது? வீட்டுல பிலோமியும் இல்ல, அவ ஏத்தற அடுப்பும் இல்ல. அந்தக் கப்பல் அடுப்பு ஒண்ணுதான் அவருக்குன்னு எரிஞ்சிட்டிருந்துச்சு.

அப்போ பாரு, வெள்ளிக்கிழமை காலைல கப்பல் என்ஜின் "கடக்"னு ஒரு சத்தம் போட்டு நின்னுபோச்சு. எங்க நின்னுச்சு? கிரீஸ்னு ஒரு தேசம். அப்பளத்தை நொறுக்கித் தூவின மாதிரி கடலெல்லாம் தீவு. அதுல ஒரு துணுக்குத் தீவு. ஒரு கோடியில தும்மினா, மறு கோடியில இருக்கறவங்க "நூறாயுசு"ம்பாங்க, அவ்ளோ சின்னது. என்ஜினை சரி பண்ண மூணு நாளாகும்னாங்க.

"இந்த ஊர்க்காரங்க சாப்பிடற சாப்பாட்டை ஒரு வாய் சாப்பிட்டா, என் நாக்கு முழிச்சாலும் முழிக்கும்"னு கஸ்பார் இறங்கிட்டாரு.

மொத நாள் துறைமுகத்து ஓரமா ஒரு கடை. வாசல்ல சோத்துக்கெல்லாம் போட்டோ மாட்டியிருக்கு. வாசல்ல நின்னவன் ஏழு பாஷையில "வாங்க வாங்க"ன்னு கையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சான். கொண்டுவந்து வச்சது என்ன? வறுத்த உருளைக்கிழங்கு. நறுக் நறுக்னு மென்னாரு. சிங்கப்பூர்லயும் இதே கிழங்கு, துபாய்லயும் இதே கிழங்கு. நாக்கு, கொர்ர்... கொர்ர்...

ரெண்டாம் நாள் மலைச்சரிவுல ஒரு பெரிய ஓட்டல். வண்டிச்சக்கரம் மாதிரி வெள்ளைத் தட்டு, நடுவுல கட்டைவிரல் அளவு மீன், மேல ஒத்தை இலை. அப்போ ஜிங்கு ஜிங்குனு பாட்டு. இடுப்புல சிவப்புத் துணி கட்டின ஒருத்தன் குதிச்சு ஆடறான். தட்டைத் தூக்கித் தரையில போடறான், டமால்! "எங்க பாரம்பரியம்!"னு சிரிக்கறான். ஆறு மணிக்கு ஒரு தடவை, ஏழு மணிக்கு ஒரு தடவை. அதே குதி, அதே சிரிப்பு, அதே டமால். நாக்கு என்ன பண்ணுச்சு?

கொர்ர்.

ஆமா, கொர்ர். கஸ்பார் வெளிய வந்தா, பின்பக்கம் அந்த ஆட்டக்காரன் செருப்பைக் கழட்டிக் காலைத் தேச்சிட்டிருந்தான். பேரு ஸ்டமாத்தி. கஸ்பார் பல துறைமுகம் பாத்தவரு இல்லையா, பாதி வாயால, பாதி கையால பேசிடுவாரு.

"தம்பி, உங்க வீட்டுல தெனமும் தட்டை ஒடைப்பீங்களா?"

"ஒடைச்சா எங்கம்மா என் காலை ஒடைச்சிருவாங்க."

"அப்போ நீங்க என்னதான் சாப்பிடுவீங்க?"

ஸ்டமாத்தி சிரிச்சான். இந்தச் சிரிப்பு வேற மாதிரி இருந்துச்சு. "நாளைக்கு ஞாயித்துக்கிழமை. மேல எங்க ஊருக்கு வாங்க. மூக்கு வழி சொல்லும்."

மூணாம் நாள். சாயங்காலம் நாலு மணிக்குக் கப்பல் கெளம்புது. கஸ்பார் விடியக்காலைலயே மேலே ஏறினாரு. வெள்ளைச் சுவரு, குறுகின சந்து, சுவத்துக்கு ஒரு பூனை. ஒரு மனுசரக் காணோம். மாதா கோயில்ல டிங் டாங்னு மணி, எல்லாரும் பூசையில இருக்காங்க. அப்போ வந்துச்சு ஒரு வாசனை. கம்ம்ம்னு. மூக்கு முன்னால போக, தொந்தி பின்னால போச்சு.

கோயிலை ஒட்டி ஒரு ரொட்டி அடுப்பு. பக்கத்துல வரிசையா பன்னெண்டு மண் சட்டி, மூடியோட, ஆவியோட. ஒண்ணுல பச்சை நூல், ஒண்ணுல சாவி, ஒண்ணுல சிவப்பு நூல் கட்டியிருக்கு.

கஸ்பாருக்கு சந்தோசம் தாங்கல. "அட, அசனம்!" தூத்துக்குடிப் பக்கம் கோயில்ல அசனம் போடுவாங்கல்ல? பெரிய பெரிய சட்டியில ஆக்கி, வந்தவங்க எல்லாருக்கும் சோறு போடுவாங்களே, அது. கோயில் பக்கத்துல சட்டி இருந்தா அது எல்லாருக்கும்தானே? சிவப்பு நூல் சட்டியைத் தூக்கிட்டு அத்திமரத்தடியில உக்காந்துட்டாரு.

திறந்தா கொண்டைக்கடலை. ராவெல்லாம் தணல்ல கெடந்து, வெங்காயம் கரைஞ்சு, ஆலிவ் எண்ணெய் மினுமினுங்குது. ஒரு வாய் வச்சாரு. ஒண்ணுமில்ல. ரெண்டாவது வாய். நாக்கு ஓரமா ஒரு சிலிர்ப்பு. மூணாவது வாயில அப்படியே கையை நிறுத்திட்டாரு. கண்ணுல தண்ணி. பிலோமியும் ராத்திரி அணையப்போற அடுப்புல கடலைச் சட்டியை வச்சுட்டுத்தான் படுப்பா.

அப்புறம் என்ன, மொளக் மொளக்குனு முழுங்கி, அடிச்சட்டியைக் கரக் கரக்குனு வழிச்சுட்டாரு.

பூசை முடிஞ்சுது. பொம்பளைங்க வந்து அவங்கவங்க சட்டியை அடையாளம் பாத்து எடுத்தாங்க. ஒருத்தி மட்டும் இடுப்புல கை வச்சு நின்னா. கலியோப்பி, ஸ்டமாத்தியோட அம்மா.

"என் சிவப்பு நூல் எங்க? வீட்டுல எட்டு வாய் காத்திட்டிருக்கு!"

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. அத்திமரத்தடியில ஒரு மீசை. மீசையில ஒரு கடலை.

அவங்கவங்க வீட்டுக் கடலையை ஊர் அடுப்புல சனிக்கிழமை வச்சுட்டுப் போறது அந்த ஊர் வழக்கம்னு கஸ்பாருக்கு அப்போதான் புரிஞ்சுது. அப்படியே சட்டிக்குள்ள ஒளிஞ்சுக்கலாம் போல இருந்துச்சு.

"அம்மா, நான்தான் மூக்கு காட்டற வழியில வரச்சொன்னேன்"னான் ஸ்டமாத்தி.

"மூக்கைத்தானே சொன்னே? சட்டியையா சொன்னே?"

கஸ்பார் எந்திரிச்சு நின்னாரு. "அம்மா, மன்னிச்சிருங்க. எங்க ஊர்ல கோயில் பக்கத்துச் சட்டி எல்லாருக்கும் பொது."

கலியோப்பி அவரை மேலயும் கீழயும் பாத்தா. "அது கெடக்கட்டும். எப்படி இருந்துச்சு?"

கஸ்பார் யோசிக்காம சொல்லிட்டாரு. "உப்பு ஒரு சிட்டிகை கம்மி."

ஊரே மூச்சைப் புடிச்சுக்கிச்சு. பூனைகூட நக்கறதை நிறுத்திடுச்சு. பின்னால நின்ன கலியோப்பி புருசன் மெதுவா, "முப்பது வருசமா நானும் இதைத்தான்..."ன்னாரு. அவ திரும்பினா. அவரு கப்புனு வாயை மூடிக்கிட்டாரு.

அப்புறம் ஒருத்தி "களுக்"னு சிரிச்சா. அப்புறம் எல்லாரும். கடைசியா கலியோப்பியும். ஆனா கஸ்பார் மட்டும் சிரிக்கல. மீசையைத் தடவிட்டு நின்னாரு. "உப்பு கம்மின்னு தெரிஞ்சுதே... எனக்குத் தெரிஞ்சுதே!"

அப்போ பச்சை நூல்காரி தன் சட்டியிலேருந்து ஒரு கரண்டி எடுத்து, கலியோப்பி வெறுஞ்சட்டியில ஊத்தினா, சளக். சாவிக்காரி ஒரு கரண்டி, சளக். பதினோரு வீட்டுலேருந்து பதினோரு கரண்டி. சட்டி நெறைஞ்சுபோச்சு.

"இதை எட்டுப் பேரு மட்டும் எப்படித் திங்கறது?"ன்னா கலியோப்பி. "மேசையைத் தூக்கிட்டு வா ஸ்டமாத்தி!"

மேசையோட மேசையைச் சேத்து, அத்திமரத்தடியில ஊரே உக்காந்துச்சு. ஸ்டமாத்தி யாரும் கேக்காமலே எந்திரிச்சு ஆடினான். ஒத்தைத் தட்டு ஒடையல. அந்தத் தீவுல அன்னிக்குத்தான் மொத அசனம்.

பூ...ம்! கப்பல் கூப்பிட்டுச்சு. கஸ்பார் தொந்தி குலுங்கக் குலுங்க ஓடினாரு. கையில கலியோப்பி குடுத்த ஒரு பை ஊறவச்ச கடலை.

ராத்திரி கஸ்பார் ஆக்கின அந்தக் கடலையில கேப்டன் குரியன் ஒரு வாய் வச்சாரு. ரெண்டாவது வாய். மூணாவது வாய். கஸ்பார் கரண்டியோட பக்கத்துல நின்னாரு.

"கஸ்பாரே."

"சார்?"

தட்டை நீட்டினாரு. "இன்னும் கொஞ்சம் போடு."

ம்...

அவ்ளோதான் கண்ணு. கஸ்பாரோட நாக்கு முழிச்சிருச்சு. உன் கண்ணு எதுக்கு இன்னும் முழிச்சிருக்கு? சட்டியை மூடியாச்சு. நீயும் மூடு.