ஒத்திகைப்படி ஒரு விருது விழா

சினிமாவும் சீரியலும் எடுக்கிற இயக்குநர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு மன்றம் வைத்திருந்தார்கள். ஐந்து பேரின் மூளையையும் ஒன்றாகத் திரட்டினால் ஒரு சுண்டைக்காய்க்குக் கொஞ்சம் குறையும். வருஷா வருஷம் மேடை போட்டு, தங்களில் ஒருவருக்குச் சிறந்த இயக்குநர் விருது கொடுத்துக்கொள்வார்கள்.

அவர்களில் ஏகாம்பரம் இருபத்தேழு வருஷமாக சீரியல் எடுக்கிறவர். மாமியார் கதவைத் திறப்பதை மூன்று நாள் காட்டுவார். விருது மட்டும் வாங்கியதில்லை. போன வருஷமே கிடைத்திருக்க வேண்டும். மேடையில் பெயர் எழுதிய உறை தொலைந்துபோனதால், கையில் அகப்பட்ட கல்யாணப் பத்திரிகையைப் பிரித்து வாசித்து, அதிலிருந்த மாப்பிள்ளைக்குக் கொடுத்துவிட்டார்கள்.

இந்த வருஷம் விருது அவருக்குத்தான் என்று நடுவர்கள் அவர் காதில் போட்டுவிட்டார்கள். ஏகாம்பரம் கூட்டத்தில் எழுந்தார்.

"இந்தத் தடவை ஒத்திகை பாக்கணும். ஒத்திகையிலே எப்படி நடந்துதோ, விழாவும் அப்படியே நடக்கணும். இம்மி பிசகக் கூடாது."

தலைவர் தணிகாசலம் கண்ணை மூடி யோசித்தார். "இம்மின்னா எவ்வளவுய்யா?"

"எவ்வளவா இருந்தாலும் பிசகக் கூடாது தலைவரே," என்றார் செயலாளர் பஞ்சநதம்.

தீர்மானம் நிறைவேறியது. ஒத்திகையும் நடந்தது. பஞ்சநதம் ஒன்றுவிடாமல் நோட்டில் எழுதிக்கொண்டார்.

விழா நாள் வந்தது. ஒத்திகையில் குத்துவிளக்கில் எண்ணெய் இல்லை. ஆகவே, யாரோ ஊற்றியிருந்த எண்ணெயைப் பஞ்சநதம் வழித்துக் கொட்டினார். சிறப்பு விருந்தினர் வறட்டுத் திரியில் நாலு தீக்குச்சியைக் கரைத்துவிட்டுக் கும்பிட்டு உட்கார்ந்தார்.

ஒத்திகையில் பத்து நிமிஷம் கரண்ட் போயிருந்தது. மெயினை அணைத்தார்கள். இருட்டில் தொகுப்பாளினி படி தவறி விழுந்தாள். "ஒத்திகையிலே நீ விழலியேம்மா," என்று பஞ்சநதம் கோபித்துக்கொண்டார்.

வெளிச்சம் வந்ததும் அவர் அரங்கத்தைப் பார்த்துத் திடுக்கிட்டார். எண்ணூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

"அன்னைக்கு எல்லா நாற்காலியும் காலியால்ல இருந்துது?"

"நாற்காலிய விட்டுடலாம், ஜனங்களை எடுத்துடலாம்," என்றார் தலைவர்.

எண்ணூறு பேரையும் வெளியே அனுப்பினார்கள். ஒத்திகையன்று வாசலில் நின்று ஆட்களைத் தடுத்தவர் ஏகாம்பரம். அதனால் இன்றும் அவரே போய் நின்றார்.

வெளியே வந்த கூட்டத்தில் பட்டுப்புடவையோடு அவர் மனைவி கோமளவல்லியும் இருந்தாள். "இங்கே என்ன பண்றீங்க? இப்போ உங்களைக் கூப்பிடுவாங்க."

"யாரையும் உள்ளே விடக் கூடாது கோமளா. நான்தான் காவல்."

"நீங்க போகலாமே?"

"யாரையும்னா என்னையும்தானே."

உள்ளே தலைவர் உறையைப் பிரித்தார். ஏகாம்பரம் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. ஆனால் ஒத்திகையில் உள்ளே வெற்றுத்தாள்தான் இருந்தது. அன்று 'இன்னார்' என்று சொல்லி வைத்திருந்தார். சொன்னதை மாற்றலாமா?

"இந்த ஆண்டின் சிறந்த இயக்குநர், இன்னார்," என்று ஒலிபெருக்கியில் முழங்கினார். மேடைக்கு ஒருவரும் வரவில்லை. அன்றும் வரவில்லை. எனவே சிலையை நாற்காலியில் வைத்து, நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

வாசலில் ஏகாம்பரத்தின் முகம் சுண்டிப்போயிற்று. "இருபத்தேழு வருஷம் கோமளா. கடைசியிலே அந்த இன்னாருக்கா? அவன் என்னத்தை எடுத்துக் கிழிச்சான்?"

"நான் ஒண்ணும் பாத்ததில்லைங்க," என்றாள் கோமளவல்லி.

மறுநாள் ஏகாம்பரத்தின் புகாரை விசாரிக்க மன்றம் கூடியது. நேரில் வந்து விளக்கம் சொல்லும்படி இன்னாருக்கு ஆணை போட்டுவிட்டு மத்தியானம் வரை காத்திருந்தார்கள். வரவில்லை.

"விருது வாங்கி ஒரு நாள் ஆகலை, அதுக்குள்ளே தலைக்கனத்தைப் பாரு," என்றார் தலைவர். "மன்றத்தை விட்டே நீக்கணும்."

"அவர் உறுப்பினரே இல்லையே தலைவரே. இல்லாதவரை எப்படி நீக்குறது?" என்றார் பஞ்சநதம்.

வெகுநேரம் விவாதித்தார்கள். முதலில் சேர்த்துக்கொண்டு பிறகு நீக்குவது என்று முடிவாயிற்று. ஏகாம்பரமே பல்லைக் கடித்துக்கொண்டு முன்மொழிந்தார்.

புது உறுப்பினரை மாலை போட்டு வரவேற்பது மன்றத்து வழக்கம். இன்னார் வருவதற்குள் வாடிவிடக் கூடாதே என்று, ஏகாம்பரம் ரோஜா மாலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டு இன்னும் வாசலில் நிற்கிறார்.