வாசல் வைக்காத கூடு

பறவைகளும் நம்மைப் போல வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஒரு பாறைக் கரட்டுக்கு மேற்கே பெரிய கிணறு ஒன்று இருந்தது. கிணற்றுக்குள் சாய்ந்து நின்ற கருவேலமரத்தில் தூக்கணாங்குருவிகள் குடியிருந்தன. கூடு கட்டுவதில் நாரன் என்ற ஆண்குருவியை மிஞ்ச அங்கே ஆளில்லை. அந்தப் பெருமை அவனுக்குக் கொஞ்சம் தலைக்கேறித்தான் இருந்தது.

கூடு கட்டத் தெரிந்தவனுக்குக் காற்றைப் பார்க்கத் தெரியாது. அந்த மரத்தில் யாருக்குமே தெரியாது. ஆடி பிறக்குமுன் வானத்தில் வட்டமடிக்கும் பருந்திடம் போய்க் கேட்பார்கள். "மேல்காத்துதான்" என்று அது சொல்லும். மேற்கிலிருந்து வரும் காற்று முதுகில் படட்டும் என்று எல்லாரும் கிழக்குப் பார்த்து வாசல் வைப்பார்கள்.

போன ஆடியிலும் அப்படித்தான் வைத்தார்கள். காற்று நேரே வாசல் வழியாகப் புகுந்து கூடுகளைக் கவிழ்த்தது. முட்டைகளெல்லாம் கிணற்றில் விழுந்தன. நம்ம நேரம் சரியில்லை என்று மற்றவர்கள் ஆறிப்போனார்கள். நாரனின் மனைவி செவந்திக்கு ஆறவில்லை.

"இந்தத் தடவையும் முட்டை தண்ணிக்குப் போச்சுன்னா நான் வேற மரம் பார்த்துக்குவேன். சும்மா மிரட்டுறேன்னு நெனச்சுக்காதீங்க" என்றாள்.

நாரன் மறுபடியும் பருந்திடம் போனான். "அண்ணே, நெசமாலுமே மேல்காத்துதானா?"

"றெக்கையை விரிச்சா என்னைக் கிழக்கே தள்ளுது. இதுக்கு மேல என்ன அத்தாட்சி வேணும் உனக்கு?" என்றது பருந்து. பாவம், அது பொய் சொல்லவில்லை.

நாரன் கூரையை வேய்ந்து, குறுக்கே உட்காரும் கட்டையையும் பின்னி முடித்தான். வாசல் வைக்கிற இடம் வந்ததும் அலகு நின்றுவிட்டது. பருந்து சொன்னது உண்மையென்றால், போன வருடம் காற்று கிழக்கு வாசலில் எப்படிப் புகுந்தது? யோசிக்க யோசிக்கப் பயம்தான் வந்தது. கூட்டைப் பாதியோடு விட்டுவிட்டு, கிணற்றுக் கல்லில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தான்.

"என்ன நாரா, ஊர்ல புல்லு தீர்ந்துபோச்சா?" என்று கேட்டது பக்கத்துக் கொம்புக் குருவி. "வாசலே இல்லாத வீடு. திருட்டுப் பயம் கிடையாது" என்றது இன்னொன்று.

பாதிக் கூடு சும்மா வந்த சிறு காற்றுக்கெல்லாம் சுழன்றது. அதை வைத்துக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்ல முடியவில்லை. நாரன் வாய்க்காலில் களிமண் எடுத்துவந்து உட்சுவரில் அப்பினான். கனம் ஏறியதும் கூடு அடங்கித் தொங்கியது. நிலையான காற்றுக்கு மட்டுமே சாய்ந்தது.

அப்போதுதான் அவன் அதைக் கண்டான். மேலே மேகம் கிழக்கே ஓடியது. கீழே கூடு மேற்கே சாய்ந்தது. கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தான். மறுநாளும் அப்படியே சாய்ந்தது. கரட்டடியில் இருந்த காய்ந்த கோரையும் கிணற்றைப் பார்த்தே வளைந்து கிடந்தது. மரத்துக்கு மேலே போகிற காற்று கிழக்கே நிற்கிற பாறையில் முட்டி, தாழத் திரும்பிக் கிணற்றுக்கு வருகிறது. பருந்தின் காற்று வேறு, கூட்டைத் தொடுகிற காற்று வேறு.

செவந்தியிடம் சொன்னான். அவள் கேட்கிற நிலையில் இல்லை. "முட்டை இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு. நீங்க காத்துக்குக் கதை சொல்லிட்டு இருக்கீங்க. பக்கத்துக் கொம்புல ஒரு வீடு முடிஞ்சு கெடக்கு, நான் போறேன்."

ஊரோடு ஒத்துக் கிழக்கே ஒரு வாசலை வைத்துவிட்டால் அவள் இருந்துவிடுவாள். நாரனுக்கு அது நன்றாகத் தெரியும். அவளை விட்டுவிட்டு இருக்க அவனால் முடியாது என்பதும் தெரியும். ஆனாலும் அவன் புல்லை எடுக்கவில்லை.

"என் பேச்சை நம்ப வேண்டாம். ஒருதரம் உள்ள உட்கார்ந்து பாரு. அப்புறம் உன் இஷ்டம்" என்றான்.

செவந்தி வேண்டாவெறுப்பாக வந்து, குறுக்குக் கட்டையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு காற்று வந்தது. அவள் நெஞ்சு இறகைப் பிரித்துக்கொண்டு அடித்தது. கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தாள். காற்று நிற்கவில்லை. மெதுவாகத் திரும்பி அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். இப்போது அவள் அலகு மேற்கே பார்த்தது.

"வாசலை இந்தப் பக்கம் வையுங்க" என்றாள்.

ஆடி வந்தது. கிழக்கு வாசல் கூடுகள் கவிழ்ந்தன. செவந்தியின் குஞ்சுகள் மட்டும் உள்ளே இருந்து கத்தின. எல்லாரும் நாரனிடம் ஓடிவந்து, "எந்தப் பக்கம் வாசல் வைக்கணும், சொல்லு" என்று கேட்டார்கள். நாரன் நெஞ்சை நிமிர்த்தி வாயைத் திறந்தான். செவந்தி முந்திக்கொண்டாள்.

"இவரைக் கேட்காதீங்க. உங்க கொம்புல என்ன காத்துன்னு இவருக்கு என்ன தெரியும்? பாதியைக் கட்டித் தொங்கவிடுங்க. பொண்டாட்டியைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்க."

அன்று முதல்தான் ஆண் தூக்கணாங்குருவி களிமண்ணை அப்பி, பாதிக் கூட்டோடு வேலையை நிறுத்திவிட்டுப் பெண்ணை அழைக்கிறது. அவள் உள்ளே உட்கார்ந்து பார்த்துச் சம்மதித்தால்தான் மீதி வேலை. பிடிக்காமல் அவள் பறந்துபோனால், அந்தக் கூடு வாசலில்லாமலே தொங்கும். அவன் அடுத்த கொம்பில் புல் பின்னத் தொடங்குவான்.